ஆறிலிருந்து தொடங்கலாம்

எண்ணுவதை ஒன்றிலிருந்து தொடங்குகிறோம், சரி. எழுதக் கற்றுக்கொடுப்பதையும் அங்கிருந்தேதான் தொடங்க வேண்டுமா?

மைசூரில் எங்கள் தெருத் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் ஞாயிறு காலைகளில் என்னிடம் தமிழ் எழுத வருகிறார்கள். பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும். தமிழ் வீட்டுப் பேச்சோடு சரி. 'இரண்டு' என்று பலகையில் எழுதியதும் முதல் வகுப்புக்காரி ஒருத்தி கேட்டாள்: "தாத்தா, நாம ரெண்டுன்னுதானே சொல்றோம்? முன்னால இந்த 'இ' எதுக்கு?" எழுதும்போது அப்படித்தான் என்றேன். சரி என்று தலையாட்டினாள், நம்பியதாகத் தெரியவில்லை. அவள் பக்கம்தான் நியாயம்.

தொல்லையெல்லாம் முதல் ஐந்தில்தான் இருக்கிறது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு: வாய் சொல்வது ஒன்று, கை எழுத வேண்டியது வேறொன்று. ஆறுக்கு வந்துவிட்டால் வழி சீராகிவிடும். ஆறு, ஏழு, எட்டு, பத்து எல்லாம் சொல்கிறபடியே எழுதலாம். (நடுவில் ஒன்பது மட்டும் முரண்டு பிடிக்கும்.) இரண்டை எழுத நான்கு எழுத்து வேண்டும், ஆறுக்கு இரண்டே போதும். மைசூர்ப் பிள்ளைகளுக்குக் கூடுதல் வசதி, கன்னடத்திலும் காதுக்கு ஆறு ஆறுதான், நூறு நூறுதான். பக்கத்து வீட்டுச் சிநேகிதி சொல்லும் அதே சொல்லைத் தமிழில் எழுதுகிறோம் என்பதில் அவர்களுக்கு ஒரே குஷி. 'ழு'வின் சுழிதான் கொஞ்சம் படுத்தும், படுத்தட்டும்.

"ஒன்றே எழுதத் தெரியாது, அதற்குள் ஆறா?" என்று பெற்றோர் கேட்காமல் இல்லை. வரிசை மாற்றிக் கற்பிப்பது இந்த மைசூர் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1995-இல் எச்.டி.கோட்டை தாலுகாவில் ஆசிரியர்கள் தொடங்கிய 'நலி கலி' முறை, எழுத்துகளைக்கூட அகர வரிசைப்படி கற்பிக்கவில்லை. எளிதாக எழுதவும் உடனே சொல்லாகக் கூட்டவும் வருகிற எழுத்துகளுக்கே அதில் முதலிடம். பிறகு கர்நாடகம் முழுக்கப் பரவியது. சின்னது எளிது, பெரியது கடினம் என்று நாம்தான் முடிவுகட்டி வைத்திருக்கிறோம். வரிசை பொருள்களுக்கு உரியது. கற்கிறவர் எந்த வாசல் வழியாகவும் உள்ளே வரலாம். ஐம்பது வயதில் கன்னடம் படிக்க உட்கார்ந்து, எழுத்து மாலையின் பாதியிலேயே நோட்டை மூடிவிட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. கடைப்பலகைகளைப் படித்துப் பழகியவர்கள் மட்டும் தேறினார்கள்.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. 6 என்று ஒரே இழுப்பில் முடிகிற வேலைக்கு எதற்கு 'ஆறு'? பத்துப் பத்துத் தடவை எழுதி வா என்கிற வீட்டுப்பாடம் இதற்குப் பதில் சொல்வதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில், கொடைகளைக் கல்லில் வெட்டச் சொல்லி ராஜராஜன் இட்ட ஆணை அவனது 26-ஆம் ஆட்சியாண்டின் 20-ஆம் நாளுக்கு உரியது. அந்த ஆண்டும் நாளும் கல்லில் எண்ணுருவாக இல்லை, சொல்லாகவே நிற்கின்றன. இன்றைய செக்கும் அப்படித்தான். தொகை எண்ணில் ஒன்றும் எழுத்தில் ஒன்றுமாக இருந்தால், எழுத்தில் உள்ளதையே கொள்ள வேண்டும் என்கிறது 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 18-ஆம் பிரிவு. நடைமுறையில் அத்தகைய செக்கை வங்கி பெரும்பாலும் திருப்பிவிடும் என்பது வேறு விஷயம்.

பழைய காலண்டர் தாள்களை வெட்டிச் செக்குப் புத்தகம் செய்தோம். பிள்ளைகள் தொகை எழுதித் தர வேண்டும், நான் புளியங்கொட்டையில் பணம் கொடுக்க வேண்டும். 18-ஆம் பிரிவையும் சொல்லிவைத்தேன். 'இ' எதற்கு என்று கேட்டவள் அடுத்த தாளை நீட்டினாள். கட்டத்துக்குள் 6, கோட்டின் மேல், சுழி பிசகாமல், 'நூறு'. "எழுத்துல இருக்கிறதுதானே தாத்தா செல்லும்?" என்றாள். என் டப்பாவில் அவ்வளவு கொட்டை இல்லை.