கழன்ற கிளிப்பும் அதே காரும்

பல கார்களின் எஞ்சினுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். பட்டறைகளில் அதை ‘அண்டர் கவர்’ என்பார்கள். சேறும் நீரும் எஞ்சின்மேல் அடிக்காமல் காப்பதும், அடியில் ஓடும் காற்றைச் சீராக வழுக்கி அனுப்புவதும் அதன் வேலை. அதைப் பிடித்து நிறுத்துபவை மிகச் சிறியவை: நைலான் கிளிப்புகள், பத்தாம் நம்பர் ஸ்பானர் போடும் எம்6 போல்ட்டுகள், தகட்டு விளிம்பில் செருகிய கிளிப் நட்டுகள், அகல வாஷர்கள். ஆயில் மாற்றக் கவரை இறக்குகிறவர் எல்லாவற்றையும் திரும்ப மாட்டுவார் என்பதற்கு உறுதியில்லை. மாட்டியவற்றில் இரும்பானவை மழையிலும் சேற்றிலும் துருப்பிடிக்கும். முன்விளிம்பில் இரண்டு பிடி போனாலே போதும். ஓட்டத்தில் காற்று உள்ளே புகுந்து தட்டைக் கீழே இழுக்கும், பிறகு அது சாலையில் உரசிக் கிழியும்.

தொலைந்ததற்கும் துருவேறியதற்கும் பதில் புதியது போடுவது சின்ன வேலை. ஆனால் அது ஒரு பழைய தத்துவக் கேள்வியின் நடுவே நடக்கும் வேலை: உறுப்புகள் மாறிய பின்னும் பொருள் அதுவேதானா?

இக்கேள்வியின் புகழ்பெற்ற வடிவம் கிரேக்கருடையது. ஏதென்ஸ் மக்கள் தீசியஸின் கப்பலைப் பாதுகாத்து, உளுத்த பலகைகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தி வந்ததாக புளூட்டார்க் எழுதினார். இந்திய வடிவம் ‘மிலிந்தபன்ஹ’ என்ற பாலி நூலில் இருக்கிறது. நாகசேனர் என்ற பௌத்தத் துறவி மிலிந்த மன்னனிடம் தேரைக் காட்டி, ஏர்க்காலா தேர், அச்சா தேர், சக்கரமா, கூடா, கொடிக்கம்பா, நுகமா, கடிவாளமா, தாற்றுக்கோலா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். எதுவுமே தேர் இல்லை. தேர் என்பது இவற்றைச் சார்ந்து வழங்கும் பெயர் மட்டுமே என்பது அவர் முடிவு.

இரண்டு இடத்திலும் ஒன்று விடுபட்டிருக்கிறது. நாகசேனரின் பட்டியலில் தாற்றுக்கோல்கூட உண்டு, அச்சாணி இல்லை. கப்பல் வழக்கிலும் பேச்செல்லாம் பலகையைப் பற்றியது. அவற்றை இணைத்த ஆணியைப் பற்றி யாரும் வழக்காடவில்லை. பௌத்தம் அச்சாணியை அறியாததல்ல. ஈகை, இன்சொல், பிறர்க்கு உதவுதல், சமமாக நடத்துதல் ஆகிய நான்கும் ஓடும் தேரின் அச்சாணி போல உலகை ஒன்றாக வைத்திருக்கின்றன என்று ‘சிகாலோவாத சுத்தம்’ என்ற பாலி நூல் சொல்கிறது. அறம் பேசும்போது நினைவுக்கு வந்த ஆணி, தேரையே பிரித்துப் பார்க்கும்போது மறந்துபோனது விந்தைதான்.

இந்த விடுபடல் சிறிய விஷயமல்ல. சக்கரத்துக்குச் சுழல்வது என்றும் பலகைக்கு நீரைத் தடுப்பது என்றும் சொந்த வேலை உண்டு. கிளிப்புக்கு அப்படி எதுவும் இல்லை. இரண்டு பொருள்களைச் சேர்த்துப் பிடிப்பது மட்டுமே அதன் வேலை. அதன் அமைப்பே இதைக் காட்டிவிடும்: பிளவுபட்ட கால்களுள்ள ஒரு உடல், நடுவில் ஒரு முளை. முளையை அழுத்தினால் கால்கள் விரிந்து துளைக்குள் கவ்வும். முளையைத் தூக்கினால் கால்கள் ஒடுங்கி விட்டுவிடும். தூக்கிய நிலையிலும் முளை இருக்கிறது, உடல் இருக்கிறது, தட்டும் இருக்கிறது. பிடிப்பு மட்டும் இல்லை.

அந்தப் பிடிப்புக்குக் காரணங்களின் வரிசையில் தனி இருக்கை கொடுத்தவர்கள் இந்தியத் தருக்க மரபினரான நியாய வைசேடிகர்கள். ஆடைக்கு நூல் சமவாயி காரணம். நெசவாளரும் தறியும் நிமித்த காரணம். இவ்விரண்டுக்கும் நடுவே, நூல்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும் சேர்க்கை அசமவாயி காரணம் என்பது அவர்கள் கணக்கு. அன்னம்பட்டர் எழுதி, 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தமிழாக்கிய தருக்க சங்கிரகத்தில் இது தெளிவாக உண்டு. மண், தண்டசக்கரம், குயவர் என்று சைவ சித்தாந்தம் சொல்லும் மூன்று காரணங்களோடு இதைக் குழப்பக் கூடாது. அங்கே நடுவில் நிற்பது கருவி. இங்கே நடுவில் நிற்பது இணைப்பு.

நியாய வைசேடிகர்கள் இதற்குக் கொடுத்த விலை பெரிது. முழுப்பொருள் உறுப்புகளிலிருந்து வேறான ஒரு உண்மைப் பொருள் என்று கொண்டதால், சேர்க்கை அழிந்தால் முழுப்பொருளும் அழியும் என்று சொல்ல நேர்ந்தது. ஆடையில் ஒரு நூலை உருவினால் பழைய ஆடை போய்ப் புதிய, குறைந்த ஆடை தோன்றுகிறது. அதே கணக்கில், கிளிப் விழுந்த நொடியில் பழைய கவர் அமைப்பு போய்விட்டது. காரின் உரிமையாளர் இதை ஒப்பமாட்டார். பதிவு அலுவலகமும் ஒப்பாது, அதற்குச் சேஸ் எண் போதும்.

துருவேறிய போல்ட்டைக் கழற்றும் இடத்தில் வழக்கு இன்னும் கூர்மையாகிறது. கார் வெறும் ஜாக்கில் நிற்காமல் ஸ்டாண்டில் நிற்க வேண்டும் என்பது முதல் விதி. பிறகு கம்பி பிரஷால் மண்ணைத் தேய்த்து, மரையில் துரு இளக்கும் எண்ணெய் அடித்துக் காத்திருக்க வேண்டும். இரும்பு துருவாகும்போது பழைய அளவைவிட அதிக இடம் கேட்கும். அதனால்தான் மரை இறுகிப்போகிறது. அவசரப்பட்டுத் திருப்பினால் தலை முறியும், இல்லையேல் கிளிப் நட்டு சேர்ந்தே சுற்றும். கொஞ்சம் முன்னும் கொஞ்சம் பின்னுமாக ஆட்டித்தான் எடுக்க வேண்டும். வெளியே வருவது பாதி போல்ட், பாதி பொடி.

1655இல் ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸ் கப்பல் வழக்கில் ஒரு சிக்கலைச் சேர்த்தார்: கழித்த பலகைகளையெல்லாம் ஒருவர் சேமித்து இன்னொரு கப்பல் கட்டினால், எது தீசியஸின் கப்பல்? அந்தப் பொடி இதற்கு ஒரு எல்லை போடுகிறது. கழித்த பொருள் முழுதாக இருந்தால்தான் போட்டிக் கப்பல் எழும். உண்மையான பழுதுபார்ப்பில் பெரும்பாலும் கழிவது, ஏற்கெனவே தன் வேலையை இழந்த பொருள். அங்கே வழக்காட இரண்டாவது கட்சியே இல்லை.

புதியதை மாட்டும்போது இன்னொன்று தெரியவரும். பல கவர்களில் சில துளைகள் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும். பிளாஸ்டிக் சூட்டில் இரும்பைவிட அதிகம் விரிவதால், அசைய இடம் விட்டிருக்கிறார்கள். அகல வாஷர் அதற்காகத்தான். பலம் காட்டி முறுக்கினால் தட்டு நெளியும் அல்லது வெடிக்கும். ஆக, இங்கே சேர்க்கை என்பது அசையாமல் ஒட்டிக்கிடப்பது அல்ல. ஒரு வரம்புக்குள் நகரவிட்டுப் பிடிப்பது. வைசேடிகரின் சேர்க்கையைவிட இது நெகிழ்வானது. அந்த நெகிழ்வை ஏற்றால், ஒரு பிடி போனதும் முழுப்பொருள் அழிந்தது என்று சொல்லும் கட்டாயமும் தளர்கிறது.

அப்படியானால் நாகசேனர் பக்கமே சாயலாமா? அவர் மரபில் வந்த சந்திரகீர்த்தி, 7ஆம் நூற்றாண்டில், உறுப்புகளின் வெறும் தொகுதி தேர் ஆகாது என்றார். ஆகுமென்றால் பிரித்துப் போட்ட குவியலும் தேராக வேண்டும். பட்டறைத் தரையில் கவர் ஒரு பக்கம், போல்ட்டுகள் ஒரு டப்பாவில் என்று கிடக்கும்போது இந்த வாதம் கண்முன்னே நிற்கிறது. ஆனால் அங்கிருந்து தேர் பெயரளவே என்று அவர் தாவுவது அவசரம். குவியலுக்கும் தேருக்கும் உள்ள வேறுபாடு பெயரில் இல்லை, பூட்டில் இருக்கிறது. பூட்டாத தட்டு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் கிழிந்து போகும். அதற்கு என்ன பெயர் வைத்தாலும் கிழியும்.

கிளிப் கிடைக்காதபோது கேபிள் டை கட்டுவதும் உண்டு. பொருள் வேறு, வடிவம் வேறு, பிடிப்பு கிட்டத்தட்ட அதே. தற்காலிகத்துக்கு அது செல்லும். அடுத்த முறை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும், கவரைக் கழற்றி மாட்டும் வசதி போய்விடும். பூட்டுவது மட்டுமல்ல, திறக்க முடிவதும் அந்த இணைப்பின் பகுதி. அந்த இரண்டும் மீண்டால், எந்தக் கடையில் வாங்கிய போல்ட்டாக இருந்தாலும், அது அதே கார்தான்.