மாமூல் தடம்

எங்கள் தோட்டத்துப் பத்திரத்தில், பூமிக்குப் போக வர மாமூல் மாட்டுவண்டித் தட பாத்தியம் உண்டு என்று ஒரு வரி இருக்கிறது. தாத்தா கிரயம் வாங்கியபோது எழுதியது. அகலம் எத்தனை அடி என்று இல்லை. வண்டி என்றால் மாட்டுவண்டி, அதன் அகலம் ஊருக்கே தெரியும், அதை எதற்கு எழுதுவானேன் என்று விட்டிருப்பார்கள். மாமூல் என்ற சொல்லுக்கும் பத்திரத்தில் வழக்கம் என்றுதான் அர்த்தம். இன்று அதைச் சொன்னால் ஆட்கள் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள்.

தடம், பெரியப்பாவின் காட்டு ஓரமாகக் கிளுவை வேலியை ஒட்டி 200 அடி போகும். அப்பாவுக்குக் கூடப் பிறந்தவர் இல்லை. பங்காளி முறையில் பெரியப்பா. வேலிக்கடவு வந்ததும் அப்பா, "அண்ணா, வண்டி வருதுங்கோவ்" என்று ஒரு குரல் கொடுப்பார். கிணற்றடியிலிருந்து பதில் வரும்: "ஓட்டு, ஓட்டு. மாடு சோளத்துல வாய் வெச்சுரப் போவுது." காட்டில் சோளம் இல்லாத மாதத்திலும் இதே பதில்தான்.

அப்பா காலத்துக்குப் பிறகு நான் டிராக்டர் வாங்கினேன். இந்தச் சத்தத்தில் குரல் கொடுத்து யாருக்குக் கேட்கப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், கொடுக்கவேண்டும் என்று தோன்றவில்லை. அப்புறம் ரோட்டவேட்டர் வந்தது, மக்காச்சோளம் அடிக்கிற மிஷின் வந்தது. ஒவ்வொரு முறையும் சக்கரம் வரப்பில் ஒரு விரற்கடையைத் தின்றது. ஒருநாள் காலையில் போனால் தடத்தின் இருபுறமும் கல் நட்டிருந்தது. இடைவெளியை அளந்தேன். சரியாக 6 அடி. மாட்டுவண்டி போகும், டிரெய்லர் உரசும், மிஷின் போகவே போகாது.

கிணற்றடிக்குப் போய்ப் பேசியிருக்கலாம். வக்கீலிடம் போனேன்.

அவர் பத்திரத்தைப் படித்துவிட்டு, "அவங்க மூலப் பத்திரத்துல இந்தத் தடம் வருதா?" என்றார். இல்லை. புல வரைபடத்தில் புள்ளிக்கோடு தேடினார். அதுவும் இல்லை. எங்களுக்கு வழி உண்டு என்று எங்கள் பத்திரம் மட்டும் சொன்னால் போதாதாம். ஆகவே 1882-ம் வருடத்து வசதியுரிமைச் சட்டத்தைப் பிடித்தார். அதன் 15-வது பிரிவுப்படி, ஒரு வழியை 20 வருடம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு அனுபவித்து வந்தால் அது உரிமையாகிவிடும். அடுத்தவன் நிலத்தையே எதிரிடை அனுபோகம் என்று 12 வருடத்தில் கேட்க முடிகிற நாட்டில், அதன்மேல் நடந்துபோக 20 வருடம் என்பது விந்தையான கணக்குத்தான்.

'உரிமையோடு' என்பதில்தான் சூட்சுமம். அனுமதி கேட்டு நடந்தவனுக்கு நூறு வருடம் நடந்தாலும் உரிமை பிறக்காது. இதில் நியாயம் இருக்கிறது. இரக்கப்பட்டு வழிவிட்டவன் அந்த இரக்கத்தாலேயே நிலத்தில் பிடி இழந்துவிடக் கூடாது. ஆனால் கூண்டில் நிற்கும்போது அந்த நியாயம் எனக்கு எதிராக நின்றது.

"உங்க தகப்பனார் ஒவ்வொரு தடவையும் என் கட்சிக்காரரைக் கேட்டுட்டுத்தானே வண்டி ஓட்டுவார்?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"இல்லைங்க."

"கடவுல நின்னு குரல் கொடுப்பாரா, மாட்டாரா?"

"மாட்டாருங்க."

சொல்லிவிட்டுப் போவது வேறு, கேட்டுவிட்டுப் போவது வேறு. அப்பாவின் குரல் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அதை அங்கே விளக்கியிருக்க முடியும். ஒரு சொல்லில் கேஸ் போய்விடும் என்ற பயத்தில், அப்படி ஒரு குரலே இல்லை என்று சத்தியப் பிரமாணத்தின்மேல் சொன்னேன். பெரியப்பா கடைசி பெஞ்சில் துண்டை மடியில் மடித்துவைத்து உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை.

வக்கீல் கமிஷனரும் சர்வேயரும் வந்து அளந்தார்கள், வாய்தா மேல் வாய்தா போனது, தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. 10 அடி. கல்லுக்கும் தீர்ப்புக்கும் நடுவில் இருந்த 4 அடியை 200 அடி நீளத்துக்குப் பெருக்கினால் 800 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. முழுசாக 2 சென்ட்கூடத் தேறவில்லை. நிலத்துக்காக நடந்த கேஸ் என்றுதான் ஊரில் பேச்சு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இதே பெரியப்பா கோயில் பாதைக்கு 5 சென்ட் சும்மா விட்டவர். வந்து கேட்டார்கள், விட்டார்.

எல்லாத் தகராறும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன். வருடத்துக்கு ஒரு சால் வரப்பைக் கரைத்து உழுகிறவனிடம் மரியாதை பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. கட்டணம் கட்டி சர்வேயரை வரவழைத்து அத்துக்கல் நட்டுவிடுவதுதான் வழி. தடம் அப்படியல்ல. வழி விடுகிறவர் இருந்தால்தான் அது தடம்.

உங்கள் பத்திரத்திலும் வெறும் 'மாமூல் தடம்' என்று மட்டும் இருந்தால், பக்கத்துக் காட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை இருக்கும்போதே போய்க் கேளுங்கள். அகலத்தை அடிக்கணக்கில் எழுதி, இரண்டு பேரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள். கேட்டால் உரிமை போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால், எழுதிப் பதிந்த உரிமைக்கு 20 வருடம் காத்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லுங்கள்.