சாட்சி இல்லாத வேட்டை

பல்லடத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில் குண்டடத்தைக் கடந்து போனவர்கள், கிளுவை வேலி கட்டிய மேய்ச்சல் நிலங்களைக் கண்டிருப்பார்கள். கொரங்காடு என்பார்கள் அவ்வூர் மக்கள். கொழுக்கட்டைப் புல்லும் இடையிடையே வெள்வேல மரமுமாகக் கிடக்கும் அந்த வறண்ட பூமியில் ஆடு மாடுகள் மேயும். முயலும் கவுதாரியும் காடையும் அதே வேலிக்குள்தான் குடியிருக்கின்றன.

அப்பகுதி அன்பர்கள் இருவர் நம்மிடம் ஒரு வழக்கைக் கொண்டு வந்தார்கள். ஒருவர் ஆட்டு வியாபாரி. மற்றவர் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர். பள்ளிப் பருவம் முதல் இரவில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கவட்டைவில்லும் கையுமாக முயலுக்குப் போய் வந்தவர்கள். இப்போது கட்டிங் மாஸ்டர் வர மறுக்கிறார். வியாபாரிக்கு அதில் வருத்தம். "அல்லாஹ் ஹலாலாக்கியதை ஹராமாக்க இவர் யாருங்க?" என்பது அவர் கேள்வி.

கேள்வி நியாயமானதுதான். வேட்டை ஆகுமானது என்பதில் எந்த இமாமுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பெருமானாரின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்கள் இஸ்லாத்தைத் தழுவிய நாளில் வில்லோடு வேட்டையிலிருந்துதான் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஆனால் வேட்டையைப் பற்றிப் பேசும் 'அல்மாயிதா' அத்தியாயத்தின் முதல் வசனம் எதைக் கொண்டு தொடங்குகிறது? உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையைக் கொண்டு! அதற்குப் பிறகே கால்நடைகள் ஆகுமாக்கப்பட்டதும், இஹ்ராமில் வேட்டை விலக்கப்பட்டதும் வருகின்றன. வாக்கு முன்னே, இறைச்சி பின்னே.

அதே அத்தியாயம் இன்னொன்றையும் சொல்கிறது. கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகளைக் கொண்டு அல்லாஹ் சோதிப்பான்; மறைவில் தன்னை அஞ்சுபவர் யார் என்பதற்காக. ஹிஜ்ரி 6-ல், ஹுதைபிய்யா பயணத்தின்போது இது இறங்கியதாக விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். பாலைவனத்தில் வேலி இல்லை, காவலர் இல்லை. இஹ்ராம் உடையில் நிற்பவரின் முன்னே பிராணி வந்து நிற்கிறது. தடுப்பது எது?

அதே பயணத்தில் நடந்ததுதான் அபூ கதாதா (ரலி) அவர்களின் சம்பவம். அவர் மட்டும் இஹ்ராம் அணியவில்லை. உடன் வந்த தோழர்கள் அணிந்திருந்தார்கள். காட்டுக் கழுதை ஒன்று தென்பட்டது. தோழர்கள் அதைக் கண்டும் அவரிடம் காட்டிக்கொடுக்கவில்லை. அவராகவே கண்டு, குதிரையேறி, உதவி கேட்டபோதும் மறுத்துவிட்டார்கள். அவர் தனியே வேட்டையாடிக் கொண்டுவந்தார். எல்லோரும் சாப்பிட்டார்கள். பிறகு மனம் உறுத்தியது. நாயகம் (ஸல்) அவர்களிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். பெருமானார் கேட்டது ஒன்றே ஒன்று: உங்களில் யாராவது அவரை ஏவினீர்களா, சைகை காட்டினீர்களா? இல்லை என்றதும், மீதமுள்ளதை உண்ண அனுமதித்தார்கள். நடந்ததைக் கண்டவர்கள் அவர்கள் மட்டும்தான். அவர்கள் சொன்ன வார்த்தையின் மேல்தான் அந்த இறைச்சி ஹலாலாக நின்றது.

இதைச் சொல்லி முடித்ததும் கட்டிங் மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் உள்ளே கிடந்தது வெளியே வந்தது. ஓர் இரவு கல்லடி பட்ட முயல் ஒன்று முள்ளுக்குள் ஓடி மறைந்தது. தேடி எடுத்தபோது உயிர் இல்லை. வியாபாரி கத்தியை எடுத்துக் கழுத்தில் ஓட்டினார். வீட்டில், "துடிச்சுக்கிட்டு இருந்துச்சு, அறுத்துட்டேன்" என்றார். இவர் பக்கத்தில் நின்று வாய் திறக்கவில்லை. இரண்டு வீட்டிலும் ஆக்கி உண்டார்கள்.

வியாபாரி அதை மறுக்கவில்லை. "அம்பால அடிச்சுச் செத்தா மட்டும் கூடுமாமே, கல்லுக்கு என்ன கேடு?" என்று கேட்டார்.

கேடு இருக்கிறது. அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் இதையே பெருமானாரிடம் கேட்டறிந்தார்கள். எறிகோலின் கூர்முனை கிழித்துச் செத்தால் உண்ணலாம். அகலப் பக்கம் மோதிச் செத்தால் அது அடிபட்டுச் செத்த பிணம், உண்ணக் கூடாது. துப்பாக்கிக் குண்டைப் பற்றி இக்கால ஆலிம்களிடையே பேச்சு உண்டு. கவட்டைக் கல்லைப் பற்றிப் பேச்சே இல்லை. உயிர் இருக்கும்போது கத்தி எட்டினால் ஹலால்; எட்டாவிட்டால் செத்தது செத்ததுதான். செத்த பின் ஓட்டிய கத்தி யாருக்காக ஓட்டியது?

அம்புக்கும் நிபந்தனைகள் இலேசானவை அல்ல. எய்யும்போதே அல்லாஹ்வின் பெயர் சொல்ல வேண்டும். அம்பு பட்ட பிராணி தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால், கொன்றது அம்பா தண்ணீரா என்று தெரியாததால் விட்டுவிட வேண்டும். கொங்கு நாட்டு ராவுத்தர்கள் பின்பற்றும் ஹனபி மத்ஹபில் இன்னொரு நுணுக்கம் உண்டு: பட்ட பிராணி கண்ணுக்கு மறைந்தால், எய்தவர் தேடுவதை விடாமல் இருந்து கண்டெடுத்திருக்க வேண்டும், தேடலை விட்டு உட்கார்ந்தவர் பின்னர் அதைச் செத்த நிலையில் கண்டால் உண்ணலாகாது. அமெரிக்க மலைக்காடுகளில் இன்றும் அரசு அனுமதிச் சீட்டோடு, அதற்குரிய பருவத்தில், வழிகாட்டி இல்லாமல் பழைய தோழரோடு வில்லேந்திப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அம்பு பட்ட மான் பெரும்பாலும் நின்ற இடத்தில் விழாது. அவர்கள் சற்று நேரம் அசையாமல் காத்திருந்து, பிறகு இரத்தத் தடம் பிடித்துப் போவார்கள். தேடலுக்காகக் காத்திருப்பதும் சலித்துப்போய் உட்காருவதும் ஒன்றல்ல என்பது நம் கருத்து. ஆனால் இரண்டில் எது நடந்தது என்பதை அந்தக் காட்டில் யார் சொல்வது? அவரும் அவர் தோழரும்தான்.

இனி அரசாங்கத் தடை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது சிறு வேட்டைக்கு உரிமம் பெற இடமிருந்தது. 1991-ல் வந்த திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. முயலும் கவுதாரியும் சட்டத்தின் காவலில் உள்ளவை. மயிலைச் சொல்லவே வேண்டாம். சட்டத்தால் முயல் இறைச்சி பன்றி இறைச்சி போல ஹராமாகிவிடாது. வியாபாரி சொன்னதில் அவ்வளவு உண்மை உண்டு. ஆனால் ஆகுமானது என்றால் செய்தே தீர வேண்டியது என்று பொருளா? ஒரு நாட்டில் குடியிருக்கச் சம்மதித்தவர் அதன் ஒழுங்கைக் காப்பதும் உடன்படிக்கையில் சேர்ந்ததே. குண்டடத்தில் ஆட்டுக்கறிக்குப் பஞ்சமில்லை. பல்லடத்துக் கோழி வண்டி வண்டியாகப் போகிறது. பசிக்காக அல்லாமல் வேடிக்கைக்காக உயிரைக் குறிபார்ப்பதை நம் மார்க்கம் ஒருபோதும் விரும்பியதில்லை. சாலையில் காவலர் இல்லை என்று பார்த்துவிட்டு வேலி தாண்டுகிறவருக்கு அந்த ஹுதைபிய்யா வசனத்தை நினைவூட்டுகிறோம்.

வியாபாரி நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அன்னிக்கு எங்க அம்மாவும் அந்தக் கறியைத் தின்னாங்க. மௌத்தாகி நாலு வருசமாச்சு. அவங்களுக்கு...?"

அறியாமல் உண்டவர்மீது குற்றமில்லை என்றோம்.

"தெரிஞ்சு போட்டவனுக்கு?"

தவ்பாவின் வாசல் அடைபடவில்லை. ஆனால் உயிரோடு இருக்கும் மற்றவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றோம். அவர் தோழரைப் பார்த்தார். "நானும் கூட வர்றேன் மச்சான், நானுந்தானே பேசாம இருந்தேன்" என்றார் கட்டிங் மாஸ்டர். அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். இருவரும் ஒளுச் செய்ய எழுந்து போனார்கள்.