எழுந்து போக வேண்டியது நீ அல்ல

மாத்திரை சாப்பிடுகிறவன் நியாயம் பேசக் கூடாது என்று எந்த ஊரில் சட்டம்? உனக்கு மனச்சோர்வு இருக்கலாம், இருமுனைக் கோளாறு இருக்கலாம், யாருக்கும் கேட்காத குரல்கள் உன் காதில் கேட்கலாம். அதற்காக ரோஷத்தைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. ஆதரவுக் குழுவில் வாய்மூடி உட்கார்ந்திருக்கும் உன்னிடம்தான் பேசுகிறேன். கேள்.

நீ பார்த்திருப்பாய். பிளாஸ்டிக் நாற்காலிகள், பேப்பர் கப்பில் ஆறிப்போன டீ. ஒருவர் தன் தூக்கமின்மையில் ஆரம்பித்து, பக்கத்து வீட்டுச் சண்டைக்குப் போய், "அந்த மதத்துக்காரங்களே இப்படித்தான், நம்பவே கூடாது" என்று முடிப்பார். எதிரே முக்காடு போட்ட பெண் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடுவாள். கூட்டத்தை நடத்துகிறவர் சிரித்து மழுப்புவார்: "சரி சரி, இங்கே அரசியல் வேண்டாமே. அடுத்து யாரு?" அடுத்த வாரம் அவள் வரமாட்டாள். பேசியவர் வருவார்.

அதுவா அரசியல்? ஒருத்தியின் பிறப்பை நாலு பேர் முன்னால் இழுத்துப் போட்டு மிதிப்பதற்கு அவ்வளவு நாகரிகமான பெயரா?

இங்கிலாந்தின் நாரிச் நகரில் 1998 அக்டோபர் 30 இரவு நடந்ததைச் சொல்கிறேன். நார்விக் கிளினிக் என்ற மனநல மருத்துவமனையில் டேவிட் பென்னட் என்ற 38 வயதுக் கறுப்பினத்தவர் சிகிச்சையில் இருந்தார். ஜமைக்காவில் பிறந்தவர், ராஸ்தஃபாரி நம்பிக்கைக்காரர், மனச்சிதைவு நோயோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவர். சக நோயாளி ஒருவர் அவரை இனத்தைச் சொல்லி ஏசினார். கைகலப்பானது. விலக்கிவிட்ட ஊழியர்கள் யாரை வேறு வார்டுக்கு அனுப்பினார்கள் தெரியுமா? பென்னட்டை. ஏசியவர் இருந்த இடத்திலேயே இருந்தார். புது வார்டில் பென்னட் ஒரு செவிலியரை அடித்தார். ஊழியர்கள் அவரைத் தரையில் குப்புறத் தள்ளி அழுத்திப் பிடித்தார்கள், ஏறத்தாழ 25 நிமிடம். அதில் உயிர் போனது.

நீதிபதி ஜான் பிளோஃபெல்ட் தலைமையில் பிறகு விசாரணை நடந்தது. குப்புற அழுத்திப் பிடிப்பது 3 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று அறிக்கை பரிந்துரைத்தது. நாட்டின் மனநல சேவைக்குள்ளேயே இனவெறி ஊறிக் கிடப்பதை அமைச்சகம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் நீ கவனிக்க வேண்டியது இன்னொன்று. சாவதற்கு 5 ஆண்டுகளுக்கு முன்பே, 1993இல், கறுப்பின நோயாளிகள் இத்தனை பேர் இருக்கும் இடத்தில் கறுப்பின ஊழியர் ஒருவர்கூட இல்லையே என்று செவிலியர் தலைமைக்குக் கடிதம் எழுதியவர் இதே பென்னட். மனச்சிதைவு நோயாளி! அவர் பேனா எடுக்கும்போது, உனக்கு வாய் திறக்க என்ன தயக்கம்?

சட்டமும் உன் பக்கம்தான். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, மதம், சாதி, பால், வர்க்கம் எதைக் காட்டியும் பாகுபாடு இல்லாமல் மனநல சேவை பெறுவது உரிமை என்கிறது. ஒருவர் எந்த இனம், எந்த மதம் என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவு கட்டக் கூடாது என்கிறது 3ஆம் பிரிவு. உன் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அரசு மருத்துவமனை இல்லைதான். அதனால் என்ன? மருத்துவமனையில் கூடாதது உன் வட்டத்துக்குள் மட்டும் ஆகுமா?

"பாவம், அவருக்கும் நோய்தானே" என்பார்கள். இருக்கட்டும். தன்னை யாரோ கொல்ல வருகிறார்கள் என்ற பீதியில் ஒருவர் ஒரு மதத்தைத் திட்டினால் அதில் நோயின் பங்கு இருக்கலாம். அதை அவருடைய மருத்துவர் கவனிக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்ததை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதற்கு எந்த மாத்திரையும் கிடையாது. இரண்டில் எதுவானாலும் அடி விழுவது எதிர் நாற்காலியில். எனவே முதலில் அங்கே போ. "அந்தப் பேச்சை நிறுத்துங்க. அவங்க இங்கேதான் இருப்பாங்க" என்று சொல். இவ்வளவு போதும், மேடைப் பேச்சு தேவையில்லை. குரல் நடுங்கும். நடுங்கட்டும், நடுங்கினால் யாருக்கும் கேட்காமல் போகாது. கூட்டம் முடிந்ததும் அவளுக்குப் போன் போடு. அவள் திரும்பி வருகிறாளா என்பதைக் கூட்டத்தின் பொறுப்பாக்கு.

ஏச்சு வாங்கியது நீயே என்றால், வீட்டுக்கு ஓடாதே, நாற்காலியை விட்டு நகராதே. "இவர் சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள், இதற்குப் பதில் வேண்டும்" என்று நடத்துகிறவரைக் கேள். பதில் வராவிட்டால் எழுதிக் கொடு, நகல் வைத்துக்கொள்.

அடுத்த கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தைக் கேட்டு வாங்கு. மதம், சாதி, இனம், மொழி சொல்லி யாரையும் இழிவுபடுத்தினால் அன்றைக்கு அவர் வெளியே உட்கார வேண்டும், அடுத்த வாரம் வரலாம்: இதை விதியாக எழுதிச் சுவரில் ஒட்டச் சொல். "நமக்குள்ளே எதுக்குங்க விதியெல்லாம்?" என்று யாராவது கேட்பார்கள். போன வாரம் யார் வரவில்லை என்று அவரையே எண்ணிச் சொல்லச் சொல்.