வரிசையில் நிற்காத சைக்கிள்

எரிபொருளுக்குத் தட்டுப்பாடு வரப் போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், பெற்றோல் நிலையத்து வாசலில் வரிசை நீளத் தொடங்கிவிடும். பாதித் தாங்கி நிறைந்திருப்பவரும் முழுதாய் நிரப்பிக்கொள்ள ஓடுவார். வீட்டு மூலையில் கிடந்த வெற்றுக் கலன்கள் வெளியே வரும். அந்த வரிசையைக் கடந்து சைக்கிளில் போகிறவர் மனதில் அப்போது ஒரு நிம்மதி எழும். எனக்கு இந்தத் தொல்லை இல்லை என்ற பெருமிதமும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும். 2022ஆம் ஆண்டில் இலங்கை முழுவதும் இந்த நிம்மதியைப் பலர் அனுபவித்தார்கள். பலர் அதைப் பார்த்து ஏங்கினார்கள். அந்தப் பெருமிதம் எவ்வளவு தூரம் நியாயமானது என்று இன்று சற்று யோசிப்போம். என் எண்ணத்தில் அது பாதிதான் சரி. சைக்கிளில் போகிறவர் மற்றவருடைய பங்கில் கை வைப்பதில்லை என்பது உண்மை. ஆனால் தட்டுப்பாடு வந்த பிறகு சைக்கிளைத் தேடி ஓடுகிற ஊருக்கு அதனால் விளையும் நன்மை மிகக் குறைவு. நல்ல காலத்திலும் அதை வீதியில் ஓடவிட்டு வைத்திருந்த ஊருக்குத்தான் அது கைகொடுக்கும்.

பதற்றத்தில் வாங்கிக் குவிப்பது எப்படித் தட்டுப்பாட்டை உண்டாக்குகிறது என்பதற்கு 2021 செப்டெம்பரில் பிரித்தானியாவில் நடந்ததே போதுமான சான்று. அங்கே சுத்திகரிப்பு நிலையங்களில் எரிபொருள் இருந்தது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பாரவண்டிச் சாரதிகள்தான் போதவில்லை. ஒரு நிறுவனம் தன் நிலையங்கள் சிலவற்றை மூட வேண்டியிருக்கிறது என்ற செய்தி வெளியானதும், நாடு முழுவதும் மக்கள் ஒரே நேரத்தில் வாகனங்களை நிரப்பப் புறப்பட்டார்கள். அந்த நாட்டில் 3 கோடிக்கும் மேற்பட்ட கார்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் வழக்கத்தைவிட 10 லீற்றர் கூடுதலாக ஏற்றினாலே 30 கோடி லீற்றர் நிலத்தடித் தாங்கிகளை விட்டு வாகனத் தாங்கிகளுக்குப் போய்விடும். யாரும் பேராசைப்படவில்லை, யாரும் சட்டத்தை மீறவில்லை; ஆனால் நிலையங்கள் வற்றிப்போயின. ஒக்டோபர் 4ஆம் திகதி முதல் இராணுவத்தினர் எரிபொருள் வண்டிகளை ஓட்ட வேண்டி வந்தது. தனித்தனியாகப் பார்த்தால் புத்திசாலித்தனமாகத் தெரியும் செயல், எல்லாரும் சேர்ந்து செய்யும்போது எல்லாரையும் வருத்துகிறது.

இலங்கையின் கதை அதைவிடக் கொடியது, ஏனென்றால் இங்கே தட்டுப்பாடு உண்மையாகவே இருந்தது. கப்பலுக்குக் கொடுக்க டொலர் இல்லை. 2022 மார்ச் மாதத்தில் எரிபொருள் வரிசைகளில் நின்ற முதியவர்கள் இருவர் உயிரிழந்தார்கள். நிலையங்களில் இராணுவத்தினர் நிறுத்தப்பட்டார்கள். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. மே மாத நடுப்பகுதியில், கையிருப்பில் ஒரு நாளுக்குரிய பெற்றோலே இருப்பதாகப் பிரதமர் நாட்டு மக்களிடம் சொன்னார். ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரம் என்று விற்பனையே மட்டுப்படுத்தப்பட்டது. ஆண்டின் தொடக்கத்தில் 177 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் அப்போது 470 ரூபாய். பிறகு ஜூலையில் தேசிய எரிபொருள் அட்டை என்ற கியூ.ஆர். முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். கிடைத்த அளவு கொஞ்சம்தான். ஆனாலும் ஓகஸ்ட் மாதத்துக்குள் நாட்கணக்கான அந்த வரிசைகள் கலையத் தொடங்கின. என் பங்கு எனக்கு வரும் என்ற உறுதி பிறந்ததும், முந்திக்கொள்ள வேண்டிய தேவை குறைந்தது. உண்மையான தட்டுப்பாட்டிலும் வரிசையின் நீளத்தில் ஒரு பகுதி அச்சத்தால் ஆனது என்பதை இது காட்டியது.

இந்த இடத்தில்தான் சைக்கிளின் மதிப்பு விளங்குகிறது. பெற்றோலைப் பதுக்கலாம், சைக்கிள் மிதிக்கும் பலத்தைக் கலனில் அடைத்துப் பதுக்க முடியாது. நான் மிதிப்பதால் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு சொட்டும் குறைவதில்லை. ‘ஒருவர் இருவர் சைக்கிளில் போய் நாட்டின் எரிபொருள் நெருக்கடி தீருமா’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மேலே சொன்ன 4 லீற்றர் கணக்கையே விடையாகச் சொல்லலாம். வீட்டிலிருந்து வேலைக்கு 4 கிலோமீற்றர், போய்வர 8, ஆறு நாளுக்கு 48. மோட்டார் சைக்கிளில் அதற்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் தேவை. ஒரு வாரத்துப் பங்கில் கால்வாசி! அந்தக் கால்வாசி மிச்சமானால், மருத்துவமனைக்குப் போகவேண்டிய இரவில் தாங்கி வெறுமையாக இருக்காது. சந்தைக்கும் பிள்ளைகளின் தனியார் வகுப்புக்கும் கோயிலுக்குமாக நாம் ஓடும் ஓட்டங்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட குறுந்தூர ஓட்டங்களே.

சைக்கிள்காரரின் பெருமிதத்தில் பாதி சரியில்லை என்று சொன்னேன் அல்லவா? அவர் வரிசைக்கு வெளியே இருக்கிறார். தட்டுப்பாட்டுக்கு வெளியே இல்லை. அவர் உண்ணும் அரிசி பாரவண்டியில்தான் வருகிறது. அவர் வாங்கும் மீன், மண்ணெண்ணெயில் ஓடும் படகு கடலுக்குப் போனால்தான் கரைக்கு வரும். அம்புலன்ஸ் ஓடாவிட்டால் அவருடைய சைக்கிள் அவரைக் காப்பாற்றாது. ஆகவே வரிசையில் நிற்பவரைப் பார்த்து அறிவுரை சொல்லும் தகுதி அவருக்கு வந்துவிடவில்லை. 2022இல் இதை எல்லாரும் கண்கூடாகக் கண்டோம். சைக்கிளுக்கு ஆட்கள் குவிந்ததும் விலை எகிறியது. இறக்குமதிக் கட்டுப்பாடும் டொலர்ப் பஞ்சமும் சேர்ந்து, ரயரும் ரியூப்பும்கூட எளிதில் கிடைக்காத நிலை வந்தது. பெற்றோல் வாங்க முடியாதவர் சைக்கிளையும் வாங்க முடியாதவரானார். நெருக்கடியின் நடுவே சைக்கிளுக்கு ஓடுவதும் பதற்றக் கொள்வனவின் இன்னொரு வடிவமே. பல ஆண்டுகளாகச் சைக்கிளை மிதித்துவந்த கூலித் தொழிலாளிதான், தேய்ந்த ரயரை மாற்ற வழியில்லாமல் அதிகம் வருந்தினார்.

சைக்கிளை மிதியுங்கள் என்று சொல்வதற்கு ஓர் ஆழமான மறுப்பு இருக்கிறது. வடக்கில் உள்ளவர்களிடம் சைக்கிளைப் பற்றிப் பேசும்போது அந்த மறுப்பை மதிப்போடு கேட்க வேண்டும். 1990 முதல் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த யாழ்ப்பாணத்துக்குச் சைக்கிள்தான் எல்லாமாக இருந்தது. நோயாளியும் விறகும் மரக்கறி மூட்டையும் அதன் கரியரில் ஏறின. மோட்டார் சைக்கிள்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் புகைந்து ஓடின. மின்சாரமும் பற்றரியும் இல்லாத வீடுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சில்லைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்னில் வானொலிச் செய்தி கேட்டார்கள். அந்த நாட்களைக் கடந்து வந்தவர், ‘மறுபடியும் அந்தக் காலத்துக்கே போகச் சொல்கிறீர்களா?’ என்று கேட்டால் அதில் முழு நியாயம் உண்டு. தடையால் திணிக்கப்பட்ட சைக்கிளை யாரும் கொண்டாட வேண்டியதில்லை. பெற்றோல் இருக்கும்போதே ஒருவர் தாமாக எடுக்கும் சைக்கிள் வேறு. முன்னதில் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. பின்னதில் மோட்டார் சைக்கிளும் வாசலில் நிற்கிறது, தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம். வறுமையின் அடையாளம் என்று சைக்கிளை ஒதுக்கி வைக்கும் மனநிலைதான் நம்மை மறுபடியும் வேறு வழியற்றவர்களாக்கும்.

இன்னொரு மறுப்பு: எல்லாராலும் மிதிக்க முடியுமா? முடியாது. மூட்டுவலிக்காரர், கர்ப்பிணி, மாற்றுத்திறனாளி, நுவரெலியாவின் ஏற்றத்தில் வாழ்பவர், 30 கிலோமீற்றர் தொலைவில் வேலை செய்பவர் ஆகியோரிடம் சைக்கிளைக் காட்டுவது கொடுமை. அவர்களுக்கு வேண்டியது நேரத்துக்கு வரும் பேருந்தும் புகையிரதமும். அவர்களால் முடியாது என்பதற்காகத்தான் முடிந்தவர் மிதிக்க வேண்டும். யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் மன்னாரும் சமதரை. இங்கே முடிந்தவர் தொகை சிறிதல்ல.

முடிந்தவர்களும் ஏன் ஏறுவதில்லை? அச்சம்தான் காரணம். விரைந்து வரும் பேருந்துக்கும் வீதியோரக் குழிக்கும் நடுவே பிள்ளையைச் சைக்கிளில் அனுப்பப் பெற்றோர் தயங்குகிறார்கள், அது சரியான தயக்கமே. நெதர்லாந்தும் இந்த இடத்தில் நின்றது. அங்கே 1971இல் 3,000க்கும் மேற்பட்டவர்கள் வீதி விபத்துகளில் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டவர்கள் சிறுவர்கள். பிள்ளைகள் சாவதை நிறுத்துங்கள் என்று பெற்றோர் தெருவுக்கு வந்தார்கள். அதே வேளையில் எண்ணெய்த் தடை வந்து, 1973 நவம்பரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதை அரசு தடைசெய்தது. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் குடும்பங்கள் சைக்கிளில் போயின. தடை சில மாதங்களில் தளர்ந்தது. ஆனால் அந்த நாடு அதோடு விட்டுவிடவில்லை. ஹேக், டில்பர்க் ஆகிய நகரங்களில் அரசுப் பணத்தில் சைக்கிளுக்கென்று தனிப் பாதைகளைப் போட்டுப் பார்த்தது. இன்று அங்கே மக்களைவிடச் சைக்கிள்கள் அதிகம். நாம் என்ன செய்தோம்? 2023 செப்டெம்பரில் கியூ.ஆர். முறை நிறுத்தப்பட்டது, பெற்றோல் தாராளமாகக் கிடைத்தது, நெருக்கடியில் வாங்கிய சைக்கிள்கள் கோடிப்புறத்துச் சுவரில் சாய்ந்தன. தனிப் பாதை கேட்கும் குரல் அடங்கிப்போயிற்று. இது பெரும் பிழை.

உள்ளூராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு பாடசாலைக்கும் சந்தைக்கும் போகும் வீதியில், ஓரக் குழிகளை மூடி ஒரு கோடு கிழித்துச் சைக்கிளுக்கு இடம் கொடுங்கள். நேயர்களே, உங்களுக்கும் ஒன்று: கோடிப்புறத்தில் சாய்ந்திருக்கும் சைக்கிளை இன்றைக்கு வெளியே எடுங்கள். சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, இரண்டு சில்லுக்கும் காற்றடித்து, அடுத்த முறை கடைக்குப் போகும்போது அதிலேயே போய் வாருங்கள்.