மூன்றுக்கு மட்டும்

புதுச்சேரியின் கரையாம்புத்தூரில் நிலம் விலை பேசினால் குழிக் கணக்குதான். 24 அடிக்கு 24 அடி ஒரு குழி. நூறு குழி ஒரு காணி. பத்திரத்தில் அதுவே ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன அளவில் ஏறும்: காணிக்கு ஏறக்குறைய 53½ ஆர். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போனால் ஏக்கர், சென்ட். இரண்டு பக்கமும் பாய்வது என்னவோ அதே பெண்ணையாற்றுத் தண்ணீர்.

*

பழைய ஏட்டில் 23 என்பது ௨௰௩: இரண்டு, பத்து, மூன்று. வாய் சொல்கிற வரிசையில் கை எழுதுகிறது. 105 என்றால் ௱௫. நடுவில் சுழியம் வேண்டியதில்லை. இதைக் குறையாக நான் நினைக்கவில்லை. இன்று நம் அன்றாடப் புழக்கம் 1, 2, 3 தான். மொரீசியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் இலக்கம் இன்றும் அச்சாகிறது. புதுச்சேரிக் கைவினைஞர்கள் 18-ஆம் நூற்றாண்டில் கப்பலேறிப் போன தீவு அது. இங்கே கல்யாணப் பத்திரிகையில்கூடத் தமிழ் இலக்கத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

*

என்னை இழுப்பது பின்னம். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி வைத்து உருப்போட்டார்கள்: முந்திரி 1/320, அரைக்காணி 1/160, காணி (நிலக் காணி வேறு) 1/80, வீசம் 1/16, மா 1/20. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி. இந்தப் பின்னக் குறிகளுக்கு யூனிகோடில் இடம் கிடைத்தது 2019-இல்.

320-ஐ ஆறு முறை பாதியாக்கலாம். ஐந்து கூறும் போடலாம். பாதி, கால், அரைக்கால், ஐந்திலொன்று என்று நெல்லும் நிலமும் பிரிகிற வரையில் கணக்கு இடறாது.

மூன்று வந்தால் இடறும். 320-ஐ மூன்றாக வகுத்தால் இரண்டு முந்திரி மிச்சம். சரி, முந்திரியையும் 320 கூறாக்கிக் கீழ்முந்திரிக்கு இறங்கலாம். 1,02,400-இல் அப்போதும் ஒன்று மிஞ்சுகிறது. எவ்வளவு இறங்கினாலும் இதே கதைதான்.

*

அண்ணன் தம்பி மூன்று பேர், அப்பா விட்டுப்போனது ஒரு காணி நிலம் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 33 குழி போக ஒரு குழி நிற்கும். அதில் மோட்டார் கொட்டகை இருந்தால் பொது என்று எழுதிவிடலாம். இல்லையென்றால் அந்தக் குழியையும் நீளவாக்கில் பிரிக்க வேண்டியதுதான். கயிறு பிடிப்பவருக்கு இதில் சிரமமே இல்லை. 24 மூன்றால் வகுபடும், ஆளுக்கு எட்டடி.