உள் தையலில் இரண்டு விரல் துணி

வளர்கிற பிள்ளைக்குத் துணி எடுத்துக் கட்டுப்படியாகாது. ஆடித் தள்ளுபடியில் எடுத்த பேன்ட் தீபாவளிக்குள் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். உடம்பு வளருமுன்னே ரசனை மாறிவிடுவது தனிக்கதை. இதையெல்லாம் கணக்குப் பண்ணித்தான் கடைகளில் இருநூறு ரூபாய் டி-ஷர்ட்டைக் குவித்து வைக்கிறார்கள்.

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். "ஆர்கானிக் காட்டன்னு போட்டிருக்குப்பா" என்று செல்போனில் ஒரு சட்டையைக் காட்டினாள். ஆயிரத்து எண்ணூறு ரூபாய். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த வார்த்தை பஞ்சு விளைந்த காட்டோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு நூற்பாலை, நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங், தையல், செக்கிங் என்று எத்தனையோ கை மாறித்தான் சட்டை கடைக்கு வருகிறது. ஜி.ஓ.டி.எஸ். போன்ற சான்று இருந்தால் சாயத்தையும் தொழிலாளர் நிலையையும் சேர்த்துப் பார்த்திருப்பார்கள். வெறும் 'ஆர்கானிக்' என்றால் காட்டுக்கு மட்டுமே உத்தரவாதம்.

கொங்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, காட்டுக்கு அப்பால் நடப்பது தெரியாது என்று சொல்ல முடியாது. 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நூற்பாலைகள் பெண் பிள்ளைகளை வேலைக்கு எடுத்தன. விடுதியிலேயே தங்கி மூன்று வருடம் வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. நடுவில் நின்றுவிட்டால் அது கைக்கு வராமல் போன கதைகள் ஏராளம். அவர்களில் பலர் பதினெட்டு நிரம்பாதவர்கள். என் மகள் உடுத்துகிற நூலை அவள் வயதுப் பிள்ளையே நூற்றிருக்கக்கூடும்.

நொய்யல் ஆற்றின் கதையும் ஊரறிந்தது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியது. கீழே இருந்த விவசாயிகள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சொட்டுக் கழிவும் ஆற்றில் விடக்கூடாது என்ற கெடுபிடி அப்போதுதான் இறுகியது. 2022-இல் ஆலைப் பெண்களின் பாதுகாப்புக்கான திண்டுக்கல் ஒப்பந்தத்தில் பெரிய வெளிநாட்டு நிறுவனங்களைக் கையெழுத்துப் போட வைத்ததும், ஆலையில் பெண்கள் மீதான பாலியல் கொடுமைக்கு எதிராக நின்ற தொழிற்சங்கம்தான். இரண்டுமே கடையில் சட்டையைத் தேர்ந்தெடுத்தவர்கள் சாதித்ததில்லை. பாக்கெட் மணியில் ஒரு நல்ல சட்டை வாங்கி உலகத்தைத் திருத்திவிடலாம் என்று பிள்ளைகளை நம்ப வைப்பது சரியாகப் படவில்லை.

நம் கையில் இருப்பது, வாங்கியதை எத்தனை நாள் உடுத்துகிறோம் என்பது. முன்பு தெருத் தையல்காரரிடம் "வளர்ற பிள்ளைங்க" என்று சொன்னால் போதும். பாவாடையில் டக் பிடித்துத் தைத்துத் தருவார். இடுப்பிலும் பக்கவாட்டிலும் உள் தையலுக்கு அப்பால் இரண்டு விரல் துணி மடிந்து கிடக்கும். அடுத்த ஜூனில் டக்கைப் பிரித்தால், வெளுக்காத புதுநிறத்தில் ஒரு பட்டை கீழே தெரியும். பிள்ளைகளுக்கு அதுதான் வெட்கம்! ஆனாலும் இன்னொரு வருடம் ஓடும். இப்போதைய ரெடிமேட் பலவற்றைத் திருப்பிப் பாருங்கள்: தையலை ஒட்டியே ஓவர்லாக் அடித்து மிச்சத்தை வெட்டியிருப்பார்கள். பிரித்துவிட அங்கே ஒன்றுமில்லை. மீட்டருக்கு மீட்டர் மிச்சம் பிடிக்கிற கம்பெனிக்கு அது லாபம். ஒரே வருடத்தில் மறுபடி கடைக்குப் போவது நாம்தான். (பனியன் துணிக்கு இந்தப் பேச்சு செல்லாது. அதைப் பெரிய அளவாக எடுத்துவிடலாம்; தொளதொள என்று போடுவதுதானே இப்போதைய மோஸ்தர்.)

பெரியம்மா பிள்ளை போட்டதைப் போடச் சொன்னால் மகளுக்கு இன்னும் முகம் சுண்டுகிறது. அந்த வயதில் அது நியாயம். அதில் ஒரு ஜீன்ஸை மட்டும் வாங்கி, முழங்காலில் பூ வேலை செய்து, தன்னுடையதாக்கிக்கொண்டாள். அவ்வளவு போதும் எனக்கு.

துணி எடுக்கும்போது விலைச்சீட்டுக்கு முன்னால் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் தெருவில் தையல்காரர் இன்னும் இருந்தால், பள்ளிச் சீருடையையாவது அவரிடம் கொடுங்கள். இரண்டு விரல் துணி விடச் சொல்ல மறக்காதீர்கள்.